அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழு இருபது

மதினி,

இன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். உள்ளே பதினோரு தாள்கள். உங்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதிவைத்தவற்றின் நகல். நின்றபடியே புரட்டினேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, நாடித்துடிப்பு. உங்கள் வயதில் இரண்டைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். இரண்டாவது தாளின் நடுவில், அவசரக் கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: உறவினர்கள் தாமதமாகக் கொண்டுவந்தனர்.

செருப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு வரி இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் எழுத்தாகப் பார்ப்பது வேறு. அழுகை வரவில்லை. யார் சட்டையையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பிடிக்க ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உங்களை எனக்குப் பிடிக்காது. இப்போது சொன்னால் என்ன. உங்கள் சத்தம் எனக்கு ஆகாது. திராட்சைப் பந்தலின் மேற்குக் கோடியில் நின்று நீங்கள் பேசினால் கிணற்றடியில் துணி துவைக்கிற எனக்குக் கேட்கும். குமுளியிலிருந்து வருகிற வியாபாரிகளிடம் அரைகுறை மலையாளத்தில் நீங்கள் மல்லுக்கு நிற்பதை வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “சேட்டா, நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? அது சரியாவில்ல.” அவர்கள் சிரித்துக்கொண்டே பணிந்துவிடுவார்கள். அண்ணன் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை நீங்கள் ஒரு பெட்டி நிரப்புவதற்குள் பேசி முடித்துவிடுவீர்கள்.

பிறகு என் கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியும் இரண்டு பைகளுமாக நான் இதே வாசலில் வந்து நின்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்க முடியாமல் மோட்டார் ரூமுக்குப் போய்விட்டது. நீங்கள் இடுப்பில் கைவைத்து ஒரு நிமிடம் பார்த்தீர்கள். “டீச்சரு, மேல் ரூம்ல உர மூட கெடக்கு. அத எறக்கிட்டுச் சாமான வையி” என்றீர்கள். ஏன், என்ன என்று அன்றும் கேட்கவில்லை, என்றும் கேட்கவில்லை. துக்கம் விசாரிப்பதுபோல வந்த சொந்தக்காரப் பெண்களிடம், “அவ வீட்டுக்கு அவ வந்திருக்கா. இதுல என்ன வெசாரிக்க வேண்டியிருக்கு?” என்றீர்கள். அந்தச் சத்தம்தான் பதினாறு வருடமாக என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது. அதனால்தான், அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

உங்கள் மேலும் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் சரிவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலையில், காப்பி டம்ளர் உங்கள் கையிலிருந்து நழுவியது. வலது கை பத்து நிமிடம் மரத்துக் கிடந்தது. பிறகு சரியாகிவிட்டது. வாங்க, இப்பவே போய்க் காட்டிட்டு வருவோம் என்றேன். “கைய மடக்கிப் படுத்திருப்பேன். வெட்டு முடியட்டும் டீச்சரு, திங்கக்கெழம போவோம்” என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். அந்தப் பத்து நிமிடம்தான் முன்னறிவிப்பு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிறகு படித்து என்ன பயன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. பந்தலுக்குள் நீங்கள் முன்னே, நான் பின்னே. கொத்துகளை வெட்டிக்கொண்டே ஒரு வியாபாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். “நாப்பது பெட்டி போடுறேன்” என்று தொடங்கி, “போடு, போடு, போடு” என்று ஒரே சொல்லில் நின்றீர்கள். விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். போன் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தீர்கள். வாயின் வலது பக்கம் தொங்கியிருந்தது. உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அந்தப் போனில், அந்தப் பேச்சு முடிந்த நேரம் இன்னும் இருக்கிறது. காலை ஏழு இருபது.

ஏழு இருபத்தைந்துக்கு வேனில் ஏற்றிவிட்டோம். அடுக்கியிருந்த பெட்டிகளை அண்ணன் இரண்டு கையாலும் வாரித் தரையில் போட்டது. பழமெல்லாம் சிதறியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே தாமதம், மதினி? ஐந்தே நிமிடம். ஏழே முக்காலுக்கு முதல் ஆஸ்பத்திரியின் வாசலில் இருந்தோம். எந்த ஆஸ்பத்திரிக்கும் பெயர் எழுதப் போவதில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே. முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் இடத்தில் ஒரே ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். “டாக்டர் ஞாயித்துக்கெழம ஒம்பதுக்கு மேலதான் வருவாக. போன்ல கேட்டேன். பாட்டில் ஏத்தி வைக்கச் சொன்னாக” என்றார். உங்கள் இடது கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்கள், மருந்து ஏறுகிறது, இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன். நடுங்கிக்கொண்டு நின்ற அண்ணனிடம், “நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாண்ணே” என்றேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். உங்கள் மூளைக்குப் போகிற இரத்தம் ஒரு இடத்தில் அடைத்துக் கிடக்கிறது, அதைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, அதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு என்பது எனக்குத் தெரியாது. தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும். அவர்கள் போனில் பாட்டில் ஏற்றச் சொன்னார்கள்.

டாக்டர் பத்தே காலுக்கு வந்தார். சட்டையில் கல்யாண வீட்டுச் சந்தனம் இருந்தது. உங்கள் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது பொத்தென்று விழுந்தது. “பக்கவாதம் மாதிரித் தெரியுது. நாளைக்கு மதுரையில இருந்து நரம்பு டாக்டர் வர்ற நாள். அவரு பாக்கட்டும். இங்கயே இருக்கட்டும்” என்றார். நாளைக்கு என்று அவர் சொன்னது நாளை மழை வரும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அவர் அடுத்த அறைக்குப் போனதும் நர்ஸ் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். “இங்கன இருக்காதீக. ஸ்கேன் இருக்குற எடத்துக்கு உடனே கொண்டு போயிருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீக.” அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏழே முக்காலுக்கே அதைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு முறையும் மனம் போகிறது. அவருடைய வேலை, அவருடைய பயம். எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

இரண்டாம் இடத்தில் ஸ்கேன் இயந்திரம் இருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை இயக்குகிறவருக்கு ஞாயிறு விடுமுறை. ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே ஒரு சின்ன வயது பெண் டாக்டர். பைக்கில் விழுந்து வந்த இரண்டு பேருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர் கையுறையோடு ஓடிவந்து உங்களைப் பார்த்தார். “எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ஏழு இருபது என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. “இங்க இன்னைக்கு ஸ்கேன் எடுக்க முடியாதும்மா. ஆம்புலன்ஸ் சொல்றேன், உடனே கெளம்புங்க” என்றார். எங்க வேனிலேயே போயிருறோம் என்று அண்ணன் சொன்னது. “மூச்சு சரியில்ல. ஆக்சிஜன் இல்லாம அனுப்ப மாட்டேன்” என்றார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. வந்துசேர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இடது கையால் என் சேலை முந்தானையைப் பிடித்திருந்தீர்கள். எல்லாம் உங்களுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் இடத்துக்குப் போனபோது பன்னிரண்டே முக்கால். அங்கே எல்லாம் வேகமாக நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர் வந்து நேரத்தைக் கேட்டார். சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். “நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஒரு ஊசி போட்டிருப்போம். இப்பப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிரும். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?” என்றார். டாக்டர் குனிந்து எழுதினார். அந்த வரியைத்தான் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தீர்கள். அதை இருந்தது என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. வலது கையும் காலும் வரவே இல்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம். போடு. தண்ணீர் வேண்டும் என்றாலும் போடு. வலித்தாலும் போடு. அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அதன் கன்னத்தைத் தடவி, போடு. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, அதே சொல் வந்து விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வீர்கள். உங்களிடம் பதினைந்து வருடம் பழம் வாங்கிய குமுளிக்காரர் பார்க்க வந்தார். “எந்தா சேச்சி, நம்மளோட பெணக்கமாணோ?” என்று, எங்களோடு கோபமா என்பதுபோல, கேலியாகக் கேட்டார். அவரை வெகு நேரம் பார்த்துவிட்டு, “போடு” என்றீர்கள். அவர் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னால் அவர் பக்கத்தில் போகவே முடியவில்லை.

கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலை நேரத்தில் நீங்கள் போனீர்கள். கொத்து வெட்டுகிற பெண்கள் அன்று வேலைக்கு வந்த கோலத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சாவு வீட்டிலும் இரண்டு பேர், “கொஞ்சம் வெரசாக் கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பாளே” என்று அண்ணன் காதுபடச் சொன்னார்கள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டது. மறுநாளிலிருந்து பந்தலுக்குள் போவதை நிறுத்திவிட்டது. மருந்தடிக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் ஆள் வைத்து, தான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

அதற்காகத்தான் போன மாதம் மூன்றாம் இடத்துக்குப் போய் நகல் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி கோப்பை எடுத்துவரச் சொல்லி, எனக்கு முன்னாலேயே படித்தார். “நீங்களே லேட்டாத்தான் கொண்டுவந்திருக்கீங்கம்மா. எழுதியிருக்கே” என்றார்.

“லேட்டா வரல சார். லேட்டாக்குனாக” என்றேன்.

“யாரு?”

நேரங்களைச் சொன்னேன். ஏழே முக்கால், பத்தே கால், பதினொன்று. முதல் இடத்துச் சீட்டில் இருக்கும் முத்திரையைக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார். “அது வேற ஆஸ்பத்திரி விஷயம். எங்க வாசலுக்கு நீங்க வந்தது பன்னெண்டே முக்கால். எங்களுக்கு அதுதான் கணக்கு.”

“அப்ப பன்னெண்டே முக்காலுக்கு வந்தாகன்னு மட்டும் எழுதுங்க. உறவுக்காரங்கன்னு எதுக்கு எழுதுறீக?”

அவர் கோப்பை மூடினார். “எழுதுனத மாத்த முடியாதும்மா. நகல் வேணும்னா மனு குடுங்க.”

குரலை உயர்த்தாமல்தான் பேசினேன். நீங்களாக இருந்தால் அந்தக் கட்டடமே கேட்டிருக்கும். மனுவோடு, நடந்ததை நேரம் போட்டு ஒரு முழுத் தாளில் எழுதி, கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இன்று வந்த பதினோரு தாள்களில் அது இல்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். பத்து வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நம்மிடம் கொத்து வெட்ட வருகிற பேச்சியம்மா பந்தலுக்கடியில் சரிந்துவிட்டாள் என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வாய் கோணியிருந்தது. இடது கை தூக்க வரவில்லை. மணியைப் பார்த்தேன், எட்டு பத்து. அண்ணன் வேனை எடுத்தது; நான் சொல்லாமலே எடுத்தது. பேச்சியின் புருஷன், “போற வழிதான டீச்சர், அங்கன ஒருக்காக் காட்டிட்டுப் போவோம்” என்று முதல் இடத்தைச் சொன்னார். “அங்கன நிக்கக் கூடாது. எங்கயுமே நிக்கக் கூடாது” என்றேன். வழியிலேயே மூன்றாம் இடத்தைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்பதரைக்கு மூன்றாம் இடத்தின் வாசல். ஸ்கேன் எடுக்கிறவர் அவருடைய நாற்காலியில் இருந்தார். பத்து மணிக்கு ஊசி ஏறியது. அதே கண்ணாடி டாக்டர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “இந்தத் தடவ கரெக்டா வந்துட்டீங்க” என்றார், பாராட்டுகிற மாதிரி.

“அந்தத் தடவையும் கரெக்டாத்தான் சார் கெளம்புனோம்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சாயங்காலமே பேச்சி விரலை அசைத்தாள். நான்காம் நாள் எழுந்து நின்றாள். போன வாரத்திலிருந்து வேலைக்கு வருகிறாள். இடது காலை லேசாக இழுக்கிறாள், அவ்வளவுதான். வாய்க்கு ஒன்றும் குறைவில்லை, தண்ணீர் முறைக்காகப் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு நேற்று அரை மணி நேரம் சண்டை போட்டாள். நான் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், மதினி, பொய்யில்லை. ஆனால் அவளுடைய ஒவ்வொரு சொல்லும் என்மேல் கல் விழுவதுபோல விழுந்தது. உங்களைக் காப்பாற்றப் பெரிய அதிசயம் ஏதும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு கதவு திறந்திருக்க வேண்டும், ஒரு நாற்காலியில் ஆள் இருந்திருக்க வேண்டும். “சாமி புண்ணியம் டீச்சர்” என்று பேச்சி என் கையைப் பிடித்தாள். “செவ்வாக்கெழம புண்ணியம்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது.

இன்று விளக்கு வைத்த பிறகு அண்ணன் முன்னால் அந்தத் தாளையும் நான் எழுதிவைத்த நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆங்கில வரியை நானே தமிழில் சொன்னேன். அண்ணன் நேரங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தது.

“நான் டீ குடிக்கப் போனேன்ல” என்றது. இத்தனை மாதமாக அதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

“நாந்தாண்ணே போகச் சொன்னேன். நீ டீ குடிச்சதால ஒண்ணும் ஆகல. நீ அங்கன நின்னிருந்தாலும் டாக்டரு பத்தே காலுக்குத்தான் வந்திருப்பாரு.”

அண்ணன் மறுபடியும் முதலிலிருந்து படித்தது. “அஞ்சு நிமிசத்துல ஏத்திட்டோம்” என்றது. பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதது. நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தேறியதும் என்னைப் பார்த்துக் கேட்டது: “நீ இன்னும் எத்தன நாளைக்கு இப்படிக் கொதிச்சுக்கிட்டே இருப்ப? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?”

ஆகாதுதான். எனக்குத் தெரியும். பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு போய், முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் மணியைப் பார், எங்கேயும் நிற்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது பாடத்தில் இல்லையே என்று தலைமை ஆசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். எங்கே ஸ்கேன் இருக்கிறது, எந்த நாளில் எந்த நேரத்தில் ஆள் இருப்பார் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு ஊரில் மூன்று பேர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். இதையெல்லாம் அன்பால் செய்கிறேன் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை. கோபத்தால் செய்கிறேன்.

“ஞாயித்துக்கெழமயும் செவ்வாக்கெழம மாதிரி ஆகட்டும்ணே” என்றேன். “அப்புறம் விட்டுர்றேன்.”

அண்ணன் எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பந்தலுக்குள் போனது.